மஞ்சள் துணியும் கடைசி அலசலும்

“உங்கள் மகள் வகுப்பில் மிகவும் அமைதி” என்றார் இரசாயன ஆசிரியை ஃபிராவ் லோமான்.

நான் முகம் மலர்ந்து, “டாங்கே” என்று நன்றி சொன்னேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். என்னுடைய ஜெர்மன் மொழியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, நிதானமாக, மறுபடியும் சொன்னார்: “ஆரணி வாயே திறப்பதில்லை.”

“யா, யா. வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். தப்பித் தவறிக் கதைத்தாள் என்றால் நீங்கள் தாராளமாக ஏசலாம்” என்றேன். ஏசுவதற்கு நான் பாவித்த ஜெர்மன் சொல் சரியோ தெரியாது. ஆனால் என் முகத்தில் வழிந்த பெருமை அவருக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் நாள் அது. ஆளுக்குப் பத்து நிமிடம். நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரில் காலையிலிருந்தே தூறல். என் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் கதிரைக்கடியில் சேர்ந்துகொண்டிருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் அன்று காலை பொரித்த பன்னிரண்டு மரக்கறி ரோல்ஸ். பிள்ளையின் ஆசிரியையைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? அவர் சிரித்தபடியே, ஆசிரியர்கள் பெற்றோரிடம் ஒன்றும் வாங்கக் கூடாது என்று சொல்லி, பெட்டியை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகு தன் கொப்பியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஆரணியின் பெயருக்கு நேரே ஐந்து என்று எழுதியிருந்தது.

வாய்க்குப் புள்ளி

ஜெர்மனியில் பிள்ளை வளர்க்காத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்று என்றால் அதிதிறமை. ஆறு என்றால் அடியோடு ஒன்றுமில்லை. ஐந்து என்பது ஆறுக்கு அடுத்த வீடு.

ஆரணி கெட்டிக்காரி. அவளுடைய சின்னச் சோதனைத் தாள்களில் ஒன்றையும் இரண்டையும் பார்த்துத்தான் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதைத்தான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.

“எழுத்தில் இரண்டுதான். இது வாய்க்கு” என்றார் அவர்.

வாய்க்குப் புள்ளி! அப்படி ஒன்று இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரசாயனத்துக்குப் பெரிய பரீட்சை என்று ஒன்று அந்தப் பள்ளியில் இல்லையாம். பிள்ளை வகுப்பில் கை உயர்த்துவதும், கேள்வி கேட்பதும், பிழையாகவேனும் ஒரு விடை சொல்லிப் பார்ப்பதும்தான் புள்ளியில் பெரும் பங்கு. வாயையும் எழுத்தையும் சேர்த்தால் ஆரணிக்கு நாலு வரும். ஏற்கெனவே விளையாட்டில் ஒரு நாலு. பத்தாம் வகுப்பு முடிவில் இரண்டு நாலோடு நின்றால், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மேல்வகுப்புக்கு அவளை எடுக்க மாட்டார்கள்.

அந்த மேல்வகுப்புதான் அவளுடைய ஒரே ஆசை. தன் அறைக் கதவின் உட்பக்கத்தில் அந்த வகுப்பு உள்ள பள்ளிக்கூடத்தின் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். வேறு பிள்ளைகள் பாட்டுக்காரரின் படங்களை ஒட்டுகிற இடம் அது.

அவளுடைய வாயைப் பூட்டியது வேறு யாருமில்லை, நான்தான். முதலாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் சப்பாத்துக் கட்டிவிடும்போது ஒரே மந்திரம்: “ரீச்சர் கேட்டால் மட்டும் வாய் திறக்க வேணும். முந்திரிக்கொட்டை மாதிரி முந்தக் கூடாது.”

அன்று பள்ளி வாசலில் காத்திருந்தவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது ட்ராமில் கேட்டேன். “ரீச்சர் கேக்கிறதுக்கு உனக்கு விடை தெரியாதோ?”

“தெரியும்.”

“பிறகேன் கை உயர்த்தேல்லை?”

“நீங்கள்தானே சொன்னனீங்கள், கேட்டால் மட்டும் சொல்லச் சொல்லி. அவ முழு வகுப்பையும் பாத்துத்தான் கேக்கிறவ. என்னைப் பாத்துக் கேக்கேல்லை.”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸை அவளிடம் நீட்டினேன். இரண்டு பேரும் தின்றோம். வீட்டுக்கு வந்ததும் விசயத்தைக் கேட்ட என் கணவர், “நான் அப்பவே சொன்னனான்” என்றார். அவர் எப்போதும் எதையும் சொன்னதில்லை. அது வேறு கதை.

ஒரு தாள், நாற்பது பேர்

என் மேலேயே முழுப் பழியையும் போடவும் எனக்கு மனமில்லை. நான் படித்த படிப்பு அப்படி.

யாழ்ப்பாணத்தில் எங்கள் விஞ்ஞான வகுப்பில் அமிலமும் காரமும் படித்தது எனக்கு நல்ல ஞாபகம். வகுப்பில் நாற்பது பேர். பொருளாதாரத் தடைக் காலம். பாசிச்சாயத்தாள் என்று ஒன்று இருக்கிறது, அமிலத்தில் நீலம் சிவப்பாகும், காரத்தில் சிவப்பு நீலமாகும் என்று மாஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நீலத் தாள், அதுவும் விரல் நகமளவு. முன் வரிசை வாங்கில் இருந்தவர்கள் மட்டும் அது சிவந்ததைப் பார்த்தார்கள். நான் நாலாவது வாங்கு. முன்னால் இருந்தவளின் இரட்டைப் பின்னலைத்தான் பார்த்தேன்.

ஆனாலும் பரீட்சையில் எழுதினேன். “நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாக மாறியதை அவதானித்தேன்” என்று. அதற்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.

மாஸ்டரிடம் ‘எனக்குத் தெரியவில்லை, இன்னொருமுறை காட்டுங்கள்’ என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வாய்க்காரி என்ற பெயர்தான் வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வாய் காட்டாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளையை அப்படியே கடல் கடந்து கொண்டுவந்து, என் மகளுக்குள் வைத்துவிட்டேன்.

லோண்டரியில் பேஹா

அப்படி நிறம் மாறுகிற தாளை நான் கண்ணால் கண்டது ஜெர்மனிக்கு வந்த பிறகுதான். அதுவும் பள்ளிக்கூடத்தில் இல்லை.

நான் வேலை செய்கிற லோண்டரியைப் பற்றி முன்பொரு வாரம் எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஹோட்டல்கள், உணவகங்களின் வெள்ளைத் துணிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். நாங்கள் தரம் பிரித்து, தோய்த்து, அயன் பண்ணி, மடித்து அனுப்புவோம். குளியலறை அளவு மெஷின்கள். உள்ளே எப்போதும் நீராவியும் சூடான பருத்தித் துணியின் வாசமும். வெளியே பனி கொட்டினாலும் நாங்கள் கைகட்டைச் சட்டையோடுதான் நிற்போம்.

அங்கே மேற்பார்வை பார்க்கிறவர் சட்டைப் பையில் ஒரு சின்னத் தாள் சுருள் வைத்திருப்பார். அலசி முடிந்த துணியைப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் ஒரு துண்டுத் தாளை நனைத்துப் பார்ப்பார். தாளின் நிறத்தை, டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு, “பேஹா ஆறரை, சரி” என்பார். நாங்கள் பள்ளியில் பி.எச். என்று பாடமாக்கியதைத்தான் ஜெர்மன்காரர் பேஹா என்கிறார்கள் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. ஏழு என்றால் நல்ல தண்ணீர். ஏழுக்குக் கீழே அமிலம். மேலே காரம்.

தோய்க்கும்போது தண்ணீர் கடும் காரமாக இருக்கும். அழுக்கு அப்போதுதான் கழலும். கடைசி அலசலில் கொஞ்சம் அமிலம் விடுவார்கள். அந்தக் கடைசி அலசல் இல்லாமல் ஒரு துணியும் எங்கள் வாசலைத் தாண்டாது. வருடக்கணக்காகச் செய்து செய்து, வீட்டிலும் எனக்கு அது பழகிவிட்டது. இந்த ஊர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கும். அதைக் கழற்ற, தேசிக்காயின், அதாவது எலுமிச்சையின், புளிப்பைத் தூளாக்கியது போன்ற சித்திரிக் அமிலத் தூள் எல்லா வீட்டிலும் இருக்கும். நான் அதில் ஒரு கரண்டியை எங்கள் உடுப்புகளின் கடைசி அலசலிலும் போட்டுவிடுவேன்.

லோண்டரி என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஒருநாள் ஓர் உணவகத்திலிருந்து மேசைவிரிப்புகள் வந்தன. கறை உள்ளவற்றைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் நின்ற போலந்துக்காரி ஹாலினா வீரிட்டுக் கத்தினாள். விரிப்பு முழுவதும் செக்கச்செவேலென்று கறை. “இரத்தம்! யாரையோ குத்திப்போட்டார்கள்!”

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். இரத்தக் கறை என்றால் தனி மெஷின், தனிக் கையுறை, தனிப் பத்திரம். வேலை நின்றுபோனது.

எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அது கறி மஞ்சள். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்று தெரியாத தமிழ்ப் பெண் உண்டா? ஆலாத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாக்குவதும் அதே வித்தைதானே. ஆனால் நான் சொல்லவில்லை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே எப்படி வாய் விடுவது?

பிறகு தேநீர் இடைவேளையில் ஹாலினாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “தெரிந்துகொண்டா பேசாமல் நின்றாய்?” என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவளுக்கு வந்த கோபம் எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை. ட்ராமில் ஆரணியோடு ரோல்ஸ் தின்ற அன்றைக்குத்தான் விளங்கியது.

எல்லாரும் ஊதாக் கோவா

கதைக்கு வருகிறேன்.

ஃபிராவ் லோமான் ஆரணிக்கு ஒரு வழி காட்டினார். ஆரணி வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். அமிலம், காரம் பற்றி ஒரு பரிசோதனையும் செய்து காட்ட வேண்டும். பேச்சு முடிந்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அவற்றுக்கு அவள் பதில் சொல்கிற விதத்துக்குத்தான் புள்ளி. “பாடமாக்கி ஒப்புவித்தால் எனக்குப் போதாது” என்றாராம்.

வகுப்பில் இதைச் செய்த மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஊதாக் கோவா என்கிற முட்டைக்கோசை அவித்த தண்ணீரைத்தான் கொண்டுவந்தார்கள். இங்கே அது வழக்கம். அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும், பார்க்க வடிவு. ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஆரணி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, நான் கோவா செய்யேல்லை. மஞ்சள் செய்யப் போறன்.”

“மஞ்சளோ? வகுப்பு முழுக்கக் கறி மணக்கும்.”

“மணக்கட்டும்.”

அவள் குரலில் அப்படி ஓர் உறுதியை நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்து, அறைக்குள் போய்விட்டாள்.

தன் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பல்கனியில் உலர்த்தினாள். ஒரு துண்டில் சலவைச் சோடாத் தண்ணீரை விட்டாள். செங்கல் நிறத்தில் சிவந்தது. அதன் மேல் தேசிக்காய்ப் புளி விட்டாள். திரும்பவும் மஞ்சள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாங்கில் இருந்து பார்க்காமல் விட்டது, இத்தனை வருடத்துக்குப் பிறகு என் குசினி மேசையில் நடந்தது. என்னை அறியாமல், “இன்னொருக்காக் காட்டு பிள்ளை” என்றேன். அவள் சிரித்துக்கொண்டு மறுபடி செய்து காட்டினாள்.

ஒரு கிழமை முழுக்கக் குளியலறைக் கண்ணாடியின் முன் பேசிப் பழகினாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டால், முதல் இரண்டு வசனம் நன்றாக வரும். மூன்றாவதில் குரல் இறங்கும். நாலாவதில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

என் வியாதி

பேச்சுக்கு முதல் நாள் பின்னேரம். ஆரணி நூலகத்துக்குப் போயிருந்தாள். மேசையில் அவளுடைய மஞ்சள் துணிகள் கிடந்தன.

பார்க்கச் சகிக்கவில்லை. ஓரிடத்தில் கடும் மஞ்சள், ஓரிடத்தில் வெளிறல். தொட்டால் தூள் கொட்டியது. ஓரமெல்லாம் நூல். இதைக் கொண்டுபோயா என் பிள்ளை இருபத்தெட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முன் நிற்கப் போகிறாள்? நான் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் மடித்து அனுப்புகிறவள். என் வீட்டிலிருந்து இப்படித் துணி போவதா?

எடுத்துத் தண்ணீரில் மெதுவாக அலசினேன். தூள் போனது. கடைசி அலசலில், கை தன் பாட்டுக்குப் போய், சித்திரிக் அமிலத் தூளில் ஒரு கரண்டி போட்டது. நிறம் பளிச்சென்று வரட்டும் என்று இன்னொரு கரண்டியும். உண்மையிலேயே பளிச்சென்று வந்தது. காயவைத்து, அயன் பண்ணி, அளவாக வெட்டி, ஒரு வெள்ளைப் பெட்டியில் அடுக்கினேன்.

காலையில் பெட்டியைத் திறந்து பார்த்த ஆரணி, “அம்மா, சரியான வடிவா இருக்கு” என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் போன பிறகு நானும் வேலைக்குப் போனேன். அன்று தலையணை உறைகளை உள்வெளியாக மடித்து, ஹாலினாவிடம் ஏச்சு வாங்கினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆரணி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பையைக் கூடக் கழற்றவில்லை.

“அம்மா, நீங்கள் அந்தத் துணியை என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்லை. சும்மா அலசினனான்.”

“என்னத்தாலை?”

நான் குசினி அலுமாரியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. ஐயோ, என் பிள்ளையின் பாதையை என் கையாலேயே இரண்டாம் தரமும் அடைத்துவிட்டேனா!

“சிவக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“சிவக்கேல்லை.”

சின்னச் சின்ன நுரை

இனி அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மேசையில் மூன்று கிளாஸ். ஒன்றில் தேசிக்காய்ப் புளி, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சலவைச் சோடாக் கரைசல். பாடமாக்கிய வசனங்களைக் குரல் நடுங்கச் சொல்லி முடித்தாள். புளியை விட்டாள், மஞ்சள். தண்ணீரை விட்டாள், மஞ்சள். “இப்போது சிவப்பாக மாறுவதைப் பாருங்கள்” என்று சொல்லிச் சோடாவில் ஒரு சொட்டு விட்டாள்.

மஞ்சள்.

இன்னொரு சொட்டு. மஞ்சள்தான். பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். பாடமாக்கியதில் இதற்குப் பிறகு வசனம் இல்லை.

“நான் துணியையே பாத்துக்கொண்டு நிண்டன் அம்மா. ஓடிப்போவமோ எண்டு இருந்தது” என்றாள். “அப்ப ஃபிராவ் லோமான் என்னைப் பாத்துக் கேட்டவ, ‘ஆரணி, என்ன நடக்குது?’ எண்டு. முழு வகுப்பையும் பாத்தில்லை. என்னைப் பாத்து.”

“நீ என்ன சொன்னனீ?”

“கேட்டால் சொல்லத்தானே வேணும்.”

குனிந்து பார்த்தபோது, சோடா விழுந்த இடத்தில் ஊசி முனை அளவில் சின்னச் சின்ன நுரை கிளம்பி அடங்கியிருக்கிறது. சோடாவில் நுரை வருவதென்றால் அந்தத் துணியில் அமிலம் இருக்க வேண்டும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்க்கின்றன, அதனால்தான் நிறம் மாறவில்லை. அப்படியே வாய்விட்டுச் சொன்னாளாம். சொல்லிவிட்டு, “அமிலம் முடியும்வரை விட்டுப் பார்க்கிறேன்” என்று ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டே விட்டாள். பின் வாங்கும் சேர்ந்து எண்ணியது. பதினோராவது சொட்டில் ஓரம் கொஞ்சம் சிவந்தது. பதின்மூன்றில் முழுவதும் சிவப்பு. வகுப்பு மேசையில் தட்டியது. இங்கே அதுதான் கைதட்டல்.

“பிறகு ஒருத்தி கேட்டாள், துணிக்குள்ளை அமிலம் எப்பிடி வந்தது எண்டு.” ஆரணி இப்போதுதான் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் சொன்னன், என்ர அம்மா அலசியிருப்பா, அவ லோண்டரியிலை வேலை செய்யிறவ, அங்கை கடைசி அலசலுக்கு அமிலம் விடுறவை, வீட்டிலையும் அப்பிடித்தான் செய்வா எண்டு.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

இதை எழுதலாமோ என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அதற்கு முதல் வருடம் பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று ஆரணி எழுதியிருந்ததை நான் தற்செயலாகக் கண்டிருந்தேன். அவளுடைய வகுப்பில் டாக்டரின் பிள்ளையும் இருந்தது, வக்கீலின் பிள்ளையும் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன். அதன் பிறகு பள்ளிக்குப் போகும்போதெல்லாம், கையில் லோண்டரி மணம் அடிக்காமல் இருக்க, இரண்டு தரம் கிறீம் பூசிக்கொண்டு போவேன்.

அந்தப் பிள்ளைதான், நிறம் மாறாத ஒரு துணியை வைத்துக்கொண்டு, இருபத்தெட்டுப் பேர் முன்னால் என் தொழிலைச் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ‘தெரியாது’ என்று சொல்லியும் தப்பியிருக்கலாம்.

“என்ன புள்ளி போட்டவ?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்க முடிந்தது.

“இரண்டு. கோடை லீவு வரைக்கும் இப்பிடியே கை உயர்த்தினால் மொத்தத்திலை மூண்டு வரும் எண்டு சொன்னவ.”

அந்த மூன்று வந்தது. கை உயர்த்தி உயர்த்தித் தோள் நோகுது என்று முறைப்பட்டுக்கொண்டே வாங்கினாள். மேல்வகுப்புக்கும் போனாள். ஆனால் எனக்கு அந்தப் புள்ளியை விட, அந்தப் பின்னேரத்தில் அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது.

ஆரணி கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

“இன்னொரு கேள்வியும் கேட்டவை. லோண்டரியிலை ஏன் கடைசியா அமிலம் விடுறவை எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஃபிராவ் லோமான், ‘அம்மாவைக் கேட்டுக்கொண்டு வா, எங்களை விட அவவுக்கு நல்லாத் தெரியும்’ எண்டவ. சொல்லுங்கோ.”

நான் சொன்னேன். முதலில் தயங்கித்தான் சொன்னேன். தோய்த்த காரம் துணியில் மிஞ்சி நின்றால், அந்த விரிப்பில் படுக்கிறவரின் தோல் கடிக்கும். காரம் நின்ற துணியைச் சூட்டு உருளைக்குள் விட்டால் வெள்ளை பழுத்துப் போகும். துவாய் விறைக்கும். அதனால்தான் கொஞ்சம் அமிலம். கூடினாலும் கூடாது, நூல் இத்துப்போகும். தாளில் ஆறரை காட்ட வேண்டும். எனக்குத் தாளே தேவையில்லை, ஈரத் துணியை விரலால் உரஞ்சிப் பார்த்தே சொல்லிவிடுவேன். காரம் நின்றால் வழுக்கும். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன் என்று. ஆரணி இடையிடையே மறித்து மறித்துக் கேள்வி கேட்டாள். இரண்டு பக்கம் நிரம்பியது.

எழுதி முடித்துக் கொப்பியை மூடினாள்.

“நாளைக்குக் கை உயர்த்திச் சொல்லப் போறன். நீங்கள் சொன்னதெண்டு சொல்லட்டோ?”

அந்த லோண்டரியில் அத்தனை வருடம் நின்றிருக்கிறேன். நான் செய்கிற வேலையை ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அதற்கு முன் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கண் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை.

“சொல்லு” என்றேன். “என்ர பேரையும் சொல்லு.”